50 முறை எழுதியும் போகாத பிழை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர், இந்தக் காலத்துப் பிள்ளைகள் வரிக்கு வரி எழுத்துப் பிழை விடுகிறார்கள் என்று வருந்தி எழுதியிருந்தார். பழையபடி ஒவ்வொரு பிழைக்கும் 50 முறை இம்போசிஷன் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார். அவருடைய வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் சொல்லும் வழியில் 34 வருடம் நடந்து பார்த்தவள் நான். 1985-ல் இடைநிலை ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்து, 2019-ல் ஓய்வு பெறும்வரை தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எத்தனை ஆயிரம் இம்போசிஷன் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இம்போசிஷன் எழுதும் பிள்ளையை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா? ‘பட்டம்’ என்று 50 தடவை எழுதச் சொன்னால், அது முதலில் ‘ப’வை மேலிருந்து கீழே வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும். அப்புறம் ‘ட்’டை மேலிருந்து கீழே. அப்புறம் ‘ட’. கடைசியில் ‘ம்’. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் வழி இது. 50 வரியும் நிறைந்துவிடும், ஆனால் ‘பட்டம்’ என்ற சொல்லை அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட முழுதாக நினைத்து எழுதியிருக்காது. முதல் வரியில் புள்ளி விட்டுப்போயிருந்தால் 50 வரியிலும் புள்ளி இருக்காது. அந்த நோட்டில் நான் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பேன்.

1994 என்று நினைவு. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். ஆத்திசூடியை ஒரு மூச்சில் சொல்வான். கதை சொன்னால் மறுநாள் நான் விட்ட இடத்தையும் சேர்த்துச் சொல்வான். எழுதச் சொன்னால் மட்டும் கை நகராது. எழுதினாலும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ‘சோம்பேறி’ என்று நான் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன். சொல்வதை எழுதுதலில் அவன் வாங்கிய மதிப்பெண்ணைச் சத்தமாகப் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். இப்போது எங்கள் ஊரில் விசைத்தறி மோட்டார் பழுது பார்க்கிறான், நல்ல கைராசிக்காரன் என்று பெயர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டு மோட்டாரைப் பார்க்க வந்தபோது, என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். “நான் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க டீச்சர்” என்றான். நான் எழுதிக்கொண்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் வருவதற்குள் எனக்கு விஷயம் புரியத் தொடங்கியிருந்தது, அதனால்தான் தூக்கம் போனது. காரணம் என் பேரன். மகள் வீட்டுப் பிள்ளை. அடுத்த தெருதான், பள்ளிக்கூடம் விட்டதும் என் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது தமிழ்க் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு பக்கத்தில் 23 பிழை. ‘அம்மா’வை ‘அமமா’ என்று எழுதியிருந்தான். நோட்டின் அடியில் ‘கவனம் இல்லை, பெற்றோர் கவனிக்கவும்’ என்று அவன் ஆசிரியர் எழுதியிருந்தார். அதே வார்த்தையை நான் எத்தனை நோட்டில் எழுதியிருக்கிறேன்! “ஆச்சி, நான் சரியாத்தான் எழுதினேன், எழுதி முடிச்சுப் பார்த்தா மாறிடுது” என்றான் அவன். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

முதலில் கண்ணையும் காதையும் சோதித்துப் பார்த்தோம். இரண்டும் நன்றாக இருந்தன. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியை ஒருவரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் சொல்லித்தான் திருநெல்வேலிக்கு அழைத்துப்போனோம். 8 வயது முடிந்ததும் வரச் சொல்லி, இரண்டு நாள் உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடும், கூடவே ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடும் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லையாம். அறிவுத் திறனில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார்.

டிஸ்லெக்சியா புதுசாக முளைத்த நோய், ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன், அந்தச் சிறப்பாசிரியை எனக்குச் சொன்னது. 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பெர்சி என்பது அவன் பெயர். தன் பெயரையே ‘ப்ரெசி’ என்று எழுத்து மாற்றி எழுதினான், சுட்டிக்காட்டிய பிறகும் அவனுக்குப் பிழை தெரியவில்லை. பாடமெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரப் பையனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். அதைக் கேட்டபோது எனக்கு அந்த விசைத்தறி மோட்டார்க்காரன்தான் கண்முன் வந்தான். நூறு வருடத்துக்கு முன்பே ஒரு ஆசிரியருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

சரி, இனி பயன்படும் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் பொறுமையாகக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒன்றரை வருடம் செய்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

23 பிழை என்றதும் மலைபோலத் தெரிந்தது. ஒரு தாளில் வகை பிரித்து எழுதிப் பார்த்தேன். 11 இடத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது. 6 இடத்தில் குறில் நெடில் மாறியிருந்தது, அதாவது ஒற்றைக்கொம்பு வேண்டிய இடத்தில் இரட்டைக்கொம்பு, கால் போட வேண்டிய இடத்தில் கால் இல்லை. 4 இடத்தில் ல, ள, ழ குழப்பம். மீதி இரண்டு உதிரி. ஆக, புள்ளியை மட்டும் பிடித்துவிட்டால் பாதிப் பிழை போய்விடும்! அதனால் மற்றதையெல்லாம் அப்போதைக்கு விட்டுவிட்டோம். இரண்டு மாதம் புள்ளி மட்டும்தான். இதைச் செய்வதற்கு எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ‘வாளப்பளம்’ என்று அவன் எழுதியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க 34 வருடத்துக் கை விடவில்லை.

புள்ளி ஏன் விட்டுப்போகிறது? ‘பட்டம்’ என்று நாம் சொல்லும்போது அந்த ‘ட்’ தனியாக நிற்பதில்லை, பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. ஒலியைப் பிரித்துக் கேட்பதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு அது காதில் விழாது. காதில் விழாததைக் கை எழுதாது. அதனால் நோட்டை மூடி வைத்துவிட்டுப் புளியங்கொட்டையை எடுத்தேன். தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்போமே, அந்தக் கொட்டை. நான் ஒரு சொல்லைச் சொல்வேன். அவன் மெதுவாக எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கொட்டை வைக்க வேண்டும். புள்ளி எழுத்து வந்தால் வெள்ளைப் பக்கம் மேலே, மற்றதுக்குக் கறுப்புப் பக்கம் மேலே. ‘பட்டம்’ என்றால் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ‘கண்ணாடி’ என்றால் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, கறுப்பு. வைத்து முடித்து, விரலால் ஒவ்வொரு கொட்டையையும் தொட்டுச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் பென்சில். மூன்றே வாரத்தில் ‘அமமா’ போய் ‘அம்மா’ வந்துவிட்டாள். அவன் அம்மா அந்தத் தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

கொம்புக் குழப்பத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. ‘கொடி’ என்று சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது ‘க்’. ஆனால் கை முதலில் எழுத வேண்டியது கொம்பு, அப்புறம் ‘க’, அப்புறம் கால். கேட்கிற வரிசை ஒன்று, எழுதுகிற வரிசை வேறு. நமக்குப் பழகிப்போனதால் இது தெரிவதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் சுழித்து எழுதுவோம். 1978-ல் அரசாணை வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் கரும்பலகையில் என் கை பழைய ‘லை’யைப் போட்டுவிடும், பிள்ளைகள் “டீச்சர் தப்பு” என்று கத்துவார்கள். என்னை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை, 50 தடவை எழுதச் சொல்லவில்லை.

கொம்புக்கு நாங்கள் மணலை எடுத்துக்கொண்டோம். ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணல். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “கொம்பு, க, கால், கொ.” கை உணர, காது கேட்க, வாய் சொல்ல, எல்லாம் ஒரே நேரத்தில். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் தாத்தா காலத்தில் மணலில் விரலால் எழுதிக் கத்திச் சொல்லித்தான் படித்தார்கள். அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கென்று வகுத்த முறையிலும் இப்படிப் பல புலன்களையும் சேர்த்துப் பழக்குவதுதான் அடிப்படை என்று தெரிந்தபோது, நம்மிடம் இருந்த ஒன்றை நாமே தூக்கிப் போட்டுவிட்டோமே என்று இருந்தது.

ழகரத்துக்கு நான்தான் முதலில் மாற வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் ‘பளம்’, ‘மளை’, ‘வாளை’தான். அவன் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறான், அதில் அவன் தப்பு என்ன? அதனால் ‘எழுத்துக் குரல்’ என்று ஒன்றை வைத்துக்கொண்டோம். பேசும்போது எப்படி வேண்டுமானாலும் பேசலாம். எழுத உட்கார்ந்தால், எழுதப்போகும் சொல்லை எழுத்தில் இருக்கிற மாதிரியே உச்சரிக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று நாக்கை எவ்வளவு மடக்குகிறோம் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொள்வோம்.

மூன்று சுழி ‘ண’, இரண்டு சுழி ‘ன’, ‘ந’ ஆகியவற்றை மனப்பாடம் செய்ய விடவில்லை. துணை எழுத்தைக் காட்டிக் கொடுத்தேன். ‘ட’வுக்கு முன்னால் வருவது எப்போதும் ‘ண்’: வண்டி, நண்டு. ‘த’வுக்கு முன்னால் ‘ந்’: பந்து, சந்தை. ‘ற’வுக்கு முன்னால் ‘ன்’: கன்று, நன்றி. இந்த மூன்று ஜோடியையும் சமையலறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தோம். தமிழில் இப்படி நம்பகமான விதிகள் நிறைய உண்டு. விதி இருக்கிற இடத்தில் பிள்ளையின் ஞாபகத்தைச் சோதிப்பது அநியாயம்.

அவனுக்கு ரொம்பப் பிடித்த விதி ‘ற்’ பற்றியது. ‘ட்’, ‘ற்’ இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து உட்காராது. அதனால் முயற்சி, பயிற்சி, அதற்கு, ஆட்சி. ‘ய்’, ‘ர்’, ‘ழ்’ மூன்றுக்கும் பக்கத்தில் உட்காரலாம். அதனால் வாய்க்கால், வளர்ச்சி, வாழ்க்கை. இதைத் தெரிந்துகொண்ட மறுவாரம் பேருந்து நிலையத்தில் ஒரு பெரிய பலகையைக் காட்டி, “ஆச்சி, ‘பயிற்ச்சி மையம்’னு போட்டிருக்காங்க” என்றான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவருடைய பிழையை அவன் கண்டுபிடித்தான். ஊர் திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பலகை படித்துக்கொண்டே வந்தான், படிப்பது என்றாலே ஓடுகிற பிள்ளை.

கவனக் குறைபாட்டுக்கு வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அதில் பிழை ஒரே மாதிரி வராது. ஒரே சொல்லை முதல் வரியில் சரியாக எழுதி மூன்றாம் வரியில் தப்பாக எழுதுவான். ‘தெரிந்துகொண்டே தப்பாக எழுதுகிறான்’ என்று பெரியவர்களுக்குக் கோபம் வருவது இதனால்தான். தெரியும், ஆனால் அந்த நொடியில் மனம் அங்கே இல்லை. 10 நிமிடத்துக்கு மேல் நான் உட்கார வைப்பதில்லை. நடுவில் கிணற்றடிவரை ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வர வேண்டும், அப்புறம் இன்னொரு 10 நிமிடம். ராத்திரியில் எழுத்து வேலையே கிடையாது. எழுதி முடித்த உடனே திருத்தச் சொல்வதும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முதல் சுற்றில் புள்ளி மட்டும் பார்ப்பான், இரண்டாவது சுற்றில் கொம்பும் காலும். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார் என்றால் எதையும் பார்க்க மாட்டான்.

புதுச் சொல் ஒரு நாளைக்கு நாலு, அதற்கு மேல் இல்லை. பார்த்து, சொல்லி, கையால் மூடி, நினைவிலிருந்து எழுதி, திறந்து தானே ஒத்துப்பார்ப்பான். ஒரு தடவைதான். அதே நாலு சொல் மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. மொத்தம் நாலே தடவை எழுதியது மனதில் நிற்கிறது. இடைவெளி விட்டு, பார்க்காமல் எழுதுவதில்தான் பலன் இருக்கிறது. கட்டுரை, கதை என்றால் சில நாள் கைபேசியில் வாயால் சொல்லி, அது தமிழில் எழுதிக்கொடுப்பதைப் பார்த்துத் திருத்துவான். அதைச் சோம்பேறித்தனம் என்று என் மகளுடைய மாமனார் சொன்னார். பிள்ளையின் மனதில் இருக்கும் கதை, புள்ளிக்குப் பயந்து உள்ளேயே செத்துவிடக் கூடாது என்பது என் பக்கம்.

இப்போது ஐந்தாம் வகுப்பு. ஒரு பக்கம் எழுதினால் 7, 8 பிழை வருகிறது. காய்ச்சலோ தூக்கக் குறைவோ இருந்தால் 15 வரை போகும். ஆங்கிலம் இன்னும் பெரிய போராட்டம்தான். வேகமும் குறைவு, வேகம் வரும் என்று எனக்கு யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் எழுதச் சொன்னால் இப்போது வயிற்று வலி வருவதில்லை.

பெற்றோர்களுக்கு ஒன்று. பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது என்ற மருத்துவச் சான்றிதழை வாங்கத் தயங்காதீர்கள். மகள் அன்று கண்ணீர் விட்டாள், பிள்ளைக்கு ஊனம் என்று முத்திரை குத்துகிறோமே என்று. 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. பெயர் இல்லாமல் இருந்தபோது இந்தப் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்த பெயர் ‘மக்கு’. அதைவிட இந்தச் சான்றிதழ் எவ்வளவோ மரியாதையானது.

ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான். கட்டுரைக்குக் கருத்துக்கு ஒரு மதிப்பெண், எழுத்துக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துப் போடுங்கள். சொல்வதை எழுதுதலில் எல்லாருக்கும் 10 சொல் என்றால் இந்தப் பிள்ளைக்கு 4 சொல் போதும். மதிப்பெண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு புளியங்கொட்டைக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள், நியாயம்தான், எனக்கும் இருந்திருக்காது. ஆனால் இந்த மூன்றுக்கும் தனி நேரம் வேண்டாம்.

உங்களிடம் கேட்பது ஒன்று, ஆசிரியர் ஐயா. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் இருக்கின்றன. இந்தச் செய்தி வருடா வருடம் தேர்வு நெருங்கும்போது, எத்தனை பேர் தேர்வு எழுதுகிறார்கள் என்ற செய்தியின் கடைசி வரியாகத்தான் வெளியாகிறது. மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டிய விஷயம் இது. தேர்வுக்கு முந்தின வாரம் படித்துத் தெரிந்துகொள்ளும் ஒரு தறிக்காரரோ, பீடி சுற்றும் தாயோ என்ன செய்ய முடியும்? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில், எங்கே பரிசோதிப்பது, யாரிடம் விண்ணப்பிப்பது, என்னென்ன தாள் வேண்டும் என்பதை முதல் பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே நல்ல இடம் விட்டுப் போடுங்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்களில் சிலருக்கும் படிப்பதில் இதே சிரமம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
சங்கரன்கோவில்.